பௌசியாவும் திறக்க மறுத்த சாதனக் கோப்பும்

பௌசியா இறந்த செய்தி என்னைத் தேடி வரவில்லை. நானே தொலைபேசி எடுத்துக் கேட்டுக்கொண்டேன். அன்று காலை எங்கள் அலுவலகத்தின் புதிய சேர்வருக்குக் கப்பல் கொம்பனிகளால் சரக்குப் பட்டியல்களை அனுப்ப முடியவில்லை. வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாகிவிட்ட பௌசியாவை வெட்கமில்லாமல் அழைத்தேன். கணவர்தான் எடுத்தார்.

"தம்பி, அவ இண்டைக்கு விடிய, சுபஹுத் தொழுகை நேரம் மௌத்தாகிட்டா."

கேட்க வைத்திருந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களின் ஆவண வேலை பார்க்கும் அலுவலகத்தில் நாங்கள் ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தோம். பட்டியல்களைச் சரிபார்ப்பது என் வேலை. கணினிகள் அவர் பொறுப்பு. பட்டியல் அனுப்பும் ஒவ்வொரு கொம்பனியும் தன் போல்டருக்குள் மட்டுமே நடமாட வேண்டும் என்று ஒருநாள் கொழும்புத் தலைமை அலுவலகம் கட்டளையிட்டது. பௌசியா அப்படியே பூட்டினார். மறுநாள் ஒருவராலும் எதையும் அனுப்ப முடியவில்லை. குடாவில் ஒரு கப்பல் காத்து நின்றது.

வேண்டாத வெளியீட்டைக் கொட்டிவிடுவதற்கென்று எங்கள் சேர்வரின் இயங்குதளமான யுனிக்ஸில் ஒரு சாதனக் கோப்பு உண்டு. பூட்டிய போல்டருக்குள் அது இல்லை; அது இல்லாமல் அனுப்பும் நிரல் தொடங்காது. இதை உடனே கண்டுபிடித்து, உள்ளேயே ஒன்றை உருவாக்கினார். பார்த்தால் கோப்பு இருக்கிறது, திறந்தால் 'அனுமதி இல்லை' என்கிறது. அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கினார். மீண்டும் அனுமதி இல்லை.

"எத்தனை தரம் உதையே செய்யப்போறீங்கள்?" என்று கத்தினேன்.

"முதல்ல பிழையை வாசிப்பம், அந்தோனி. கத்திறதுக்குப் பிறகு நேரமிருக்கு."

முகாமையாளர் வந்து பூட்டை எடுக்கச் சொன்னார். பௌசியா மறுத்தார். "எடுத்தா ஒரு கொம்பனிட லிஸ்ட்டை மத்தக் கொம்பனி பார்க்கும். ஏலாது சேர்."

பின்னேரம்தான் விடயம் பிடிபட்டது. போல்டர்கள் இருந்த வட்டுப் பகுதியில் சாதனக் கோப்பு எதுவும் இயங்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் சேர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. எங்களுக்குச் சொல்லவேயில்லை. அந்த வரியைத் திரையில் எனக்குக் காட்டிவிட்டு, சாதனக் கோப்புக்கு மட்டும் அந்தத் தடை இல்லாத சிறிய இடம் தனியாக ஒதுக்கிப் போல்டருக்குள் இணைத்தார். பட்டியல்கள் வரத் தொடங்கின.

அடுத்த கிழமைக் கூட்டத்தில், தாமதத்துக்குக் காரணம் பௌசியாவின் கவனயீனம் என்று அறிக்கை வாசித்தார்கள். அவர் அந்த வரியைப் பற்றிச் சொன்னார். அப்படியொன்றைத் தாங்கள் எழுதவேயில்லை என்றார்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் பௌசியா என்னிடம் கேட்டார்: "நீங்க பார்த்தனீங்கதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் கதைக்கேல்ல?"

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டார்.

அவர் இறந்த அன்று, நான் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது. "அந்த ஒபிஸ்ல இருந்து நீங்க ஒராள்தான் வந்திருக்கீங்க" என்றார் கணவர். மறுநாள் புதிய சேர்வரைத் தோண்டினேன். அங்கேயும் அதே வரி. படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

பௌசியாவோடு வேலை செய்தவர்களே, அந்த அறிக்கையை நம்பியவர்களே, பிழை அவருடையதல்ல. இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடமும் ஒரு ஜனாஸாவும் வேண்டியிருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.