வேலாயி கேட்ட சந்து

வேலாயி பிறந்தது தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்கு எட்டு அறையை ஒட்டிக் கட்டிய லயத்தின் மூன்றாவது காம்பராவில். வாழ்க்கைப்பட்டது அதே லயத்தின் ஆறாவது காம்பராவுக்கு. சீர்ப் பெட்டியைத் தூக்கி வர ஆள்கூடத் தேவைப்படவில்லை, அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். அந்த லயத்தின் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டு அடுப்புப் புகை எட்டு வீட்டுக்கும் போகும், இருமலும் சண்டையும் அப்படியே. புருஷன் வீரய்யா சாகக் கிடந்தபோது சொல்ல நினைத்ததையெல்லாம் அடுத்த வீடுகளுக்குக் கேட்கக் கூடாதென்று அவள் காதோடுதான் சொன்னான். பாதி அவளுக்குக் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை.

பசறை ரோட்டோரக் கிராமத்தில் துணிக்கடை மஹ்ரூப் முதலாளி காணி வாங்கி, ஆறு புது வீடு கட்டி விற்கிறார் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பேச்சு வந்தது. வேலாயி கறவை மாடு இரண்டையும் விற்று, பால் ஊற்றிச் சேர்த்ததையும் அவிழ்த்து, முதல் ஆளாக முன்பணம் கட்டினாள். தோட்டமே சிரித்தது. அவளுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"நாளைக்கு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனா வீட்டையும் தூக்கிட்டா போவ, வேலாயி?" என்றார் கங்காணி அழகையா.

"ஏத்த வர்றவன் மொதல்ல என் கதவத் தட்டட்டும். தொறக்குறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அத்திவாரத்தைப் பார்க்கப் போனாள். ஆறு வீட்டுக்கும் நேர்கோடாக ஒரே நூல். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவருக்குத்தான் குழி.

"மொதலாளி, இது லயம்!"

"லயமா? சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை. சுவரைக் கூரைவரைக்கும் ஏத்தித் தாறேன்."

ஐந்தாவது வீட்டை வாங்கியிருந்த தபால் கந்தோர்க் கிளாக்கர் தர்மராசாவும் சமாதானம் சொன்னார். "ஒரு சுவர் பொதுவா இருந்தா என்னம்மா குறைஞ்சு போகும்?"

"ஐயா, நீங்க லயத்த ரோட்டுல நின்னு பாத்தவங்க. நான் உள்ள இருந்து பாத்தவ. மொதலாளி, எனக்குக் கடைசி வீட்டக் குடுங்க. ஐயா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கச் சந்து விடுங்க."

"உங்க பங்குலதான் வெட்டணும். குசினியே போயிடும்."

"போகட்டும். பின்னால தகரத்தச் சாய்ச்சு அடுப்பு வச்சுக்கிறேன்."

"இதெல்லாம் ஆகாது, போங்க" என்று மஹ்ரூப் கையை உதறிவிட்டார்.

மறுநாள் வேலாயி தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகவில்லை. நடுச்சுவருக்கு வெட்டிய குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வீடு கட்டும் மேசன் பாஸ் கல்லைத் தூக்கியபடி நின்றார்.

"வைக்கிறதுன்னா என் தலைமேல வைங்க."

மத்தியானம் மழை பிடித்தது. குழியில் தண்ணீர் இடுப்புவரை ஏறியது. மேசன் பக்கத்துக் கடையில் ஒதுங்கினார், கூலியாட்களும் ஒதுங்கினார்கள். வேலாயி மட்டும் அசையவில்லை. நாலு மணிக்குக் குடையோடு வந்த மஹ்ரூப் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்திரிங்க தாயே! செத்துக்கித்துப் போய் என் தலையில விழப்போறீங்க. பாஸ், இந்தப் பொம்பளைக்கு நூலைத் தள்ளிக் கட்டுங்க."

தைக்கு வீடு முடிந்தது. ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்னால் தகரச் சாய்ப்பு. பால் காய்ச்சிய அன்று அழகையாவும் வந்தார். விறாந்தையில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? ஒன் காம்பராவும் இம்புட்டுத்தானே இருந்துச்சு?"

"எந்திரிச்சு வாங்க கங்காணி, ஒரு சுத்து சுத்தி வருவோம்."

முன்னால் வேலாயி, பின்னால் கங்காணி. சந்தில் அவருடைய தொப்பை இடித்தது, பக்கவாட்டில் நகர்ந்துதான் வரவேண்டியிருந்தது. நாலு சுவரையும் சுற்றி இருவரும் புறப்பட்ட வாசலுக்கே வந்து நின்றார்கள்.

"முப்பது வருசமா எங்களையெல்லாம் மேய்ச்சீங்க" என்றாள் வேலாயி. "நாளைக்கு விடிஞ்சதும் ஒங்க வீட்ட இந்த மாதிரி ஒரு சுத்து சுத்தி வாங்க பாப்போம்."

அழகையாவுக்கும் அந்த லயத்தில்தான் காம்பரா, முதலாவது; ஒரு பக்கச் சுவர் இரண்டாவதோடு பொது. அவர் பாலைக் குடித்தார்.