நிறுத்தி வைத்த நேரம் 10.52

அப்பா இருபத்தாறு வருடம் காது பரிசோதித்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'காது சார்'. பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. "கண்ணுக்கு நான், காதுக்கு சார். வாய்க்கு மட்டும் இந்தத் தெருவுல டாக்டரே தேவையில்ல" என்று கண்ணாடிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

கடை ஒரே நீள அறை. வாசல் பக்கம் மேசை, கணினி, பரிசோதனைக் கருவி. மறுகோடியில் ஒரு பெட்டி அறை. ஒருவர் உட்காரும் அளவு. உள்சுவரெல்லாம் துளை போட்ட பலகை, கனத்த கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல். உள்ளே உட்காருகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கையில் ஒரு பட்டனைப் பிடித்திருப்பார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே கருவியில் சிவப்பு விளக்கு எரியும். எந்த அளவு சத்தத்தில் விளக்கு எரிந்தது என்பதை மென்பொருள் குறித்துக்கொள்ளும். அதுதான் தொழில்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, காலை 11.05க்கு, கடை வாசலில் பின்னோக்கி வந்த லாரி, டீ குடித்துவிட்டுத் திரும்பிய அப்பாவின்மேல் ஏறியது. லாரி பின்னால் வரும்போது எழுப்பும் பீப் சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாகப் போலீஸ் குறிப்பில் இருக்கிறது.

பதினாறாம் நாள் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் கத்தினேன்மா. டிரைவர் ஆஃப் பண்றதுக்குள்ள... ஊரே கத்துச்சு. சார் திரும்பவே இல்ல. ஊர் காதையெல்லாம் பாத்த மனுஷன்." தம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சே நின்ன மாதிரி இருந்துச்சு."

அவர் கெட்டவர் அல்ல. பார்த்ததைச் சொன்னார். அவர் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "நீ கம்ப்யூட்டர் ஆளுதானே. கடைக் கம்ப்யூட்டர்ல ஏதாவது எழுதி வச்சிருக்காரான்னு பாரு. எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அப்பாவிடம் நான் கடைசியாகப் பேசியது சண்டை.

ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய கணினியைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றினேன். பழையது தினம் இரண்டு முறை நின்றுபோய்க்கொண்டிருந்தது. ஆனால் பரிசோதனை மென்பொருள் மிகப் பழையது. புதியதில் ஓடாது. அதைச் செய்த கம்பெனியை மூடி எட்டு வருடம். கருவியின் ஒன்பது ஊசி இணைப்புக்கும் புதிய கணினியில் இடமில்லை. அதனால் புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியை ஓடவிட்டேன். திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் பழைய இயங்குதளம், அதற்குள் அப்பாவின் மென்பொருள். கருவியை ஒரு மாற்றிக் கேபிள் வழியாக மாட்டினேன். வேலை செய்தது. திரையோரம் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். கடைசி வரி: 'வெளியே போகும்போது மூடாதீர்கள். நிறுத்தி வையுங்கள்.' நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் பழைய கணினி அந்த நொடியிலேயே உறைந்து நிற்கும். திரும்ப அழுத்தினால் அதே நொடியிலிருந்து ஓடும்.

ஒரு வாரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"நீ மாத்தினதிலிருந்து சத்தம் கம்மியா வருதும்மா."

"அது அதே மென்பொருள்தான்ப்பா. சத்தத்த நான் தொடவே இல்ல."

"இருபத்தாறு வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

தினமும் கடை திறந்ததும் பெட்டிக்குள் தானே உட்கார்ந்து, பரிசோதனையைத் தானியங்கியாக ஓடவிட்டு, தன் காதால் கருவியைச் சரிபார்ப்பார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி ஆள் வந்து அளவுமானியால் அளப்பார், அதுதான் மெய்யான சரிபார்ப்பு. கம்பெனி போன பிறகு அப்பாவின் காது மட்டுமே மிஞ்சியது.

ஐந்து மாதம் இதே பேச்சு. கடைசிச் செவ்வாய்க்கிழமை எனக்கு அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை.

"மெஷின் பொய் சொல்லுதும்மா."

"மெஷின் பொய் சொல்லாதுப்பா. போய் உங்க காதப் பாருங்க."

வைத்துவிட்டேன். மறுநாள் புதன்.

கடையைத் திறந்தபோது மதியம் மூன்று மணி. கணினி மூன்று வாரமாக அணைக்கப்படாமலே இருந்தது. அதற்குள் புதிய இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, மாற்றிக் கேபிளை அடையாளம் தெரியவில்லை என்றது. அதை ஏற்கவைக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு அந்த ஜன்னலைத் திறந்தேன். 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. தொடர் என்பதை அழுத்தினேன்.

மூலையில் கடிகாரம் 10.52 என்றது. தேதி அந்தப் புதன்கிழமை.

இதில் அதிசயம் இல்லை. உறைந்த நொடியிலிருந்து ஓடுகிறது, வெளிநேரம் அதற்குத் தெரியாது. இப்படித்தான் நடக்கும் என்று நானே அப்பாவுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதற்குள் இன்னும் பதின்மூன்று நிமிடம் இருந்தது.

திரையில் ஒரு பரிசோதனை பாதியில் நின்றிருந்தது. பெயர்: தினச் சரிபார்ப்பு. காது: வலது. 3000 ஹெர்ட்ஸ். அளவு: 25 டெசிபல். அப்பா பாதியில் எழுந்து வந்து, நிறுத்தி வைத்து, வெளியே போயிருக்கிறார். இப்போது அது விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர்ந்தது. பதில் வராவிட்டால் ஐந்து கூட்டி மறுபடி ஒலிக்கும். 30. காத்திருந்தது. 35. காத்திருந்தது. காலியான பெட்டியிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

40. 45.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலி. அதில் யாரும் இல்லை.

பதில் வந்தால் மென்பொருள் பத்து இறக்கி மறுபடி ஏறும். 35. 40. விளக்கு எரியவில்லை. 45. எரிந்தது.

கோளாறான கம்பி கண்டபடி எரியும். இது கேட்கிற ஆள்போல எரிந்தது. ஒரே அளவில், இரண்டு முறை. மென்பொருள் திருப்தியாகி 3000க்கு நேரே சிவப்பு வட்டம் போட்டது. பிறகு 4000க்குப் போனது.

எழுந்து போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தேன். ஹெட்போன் நாற்காலியில் கிடந்தது. கழற்றி வீசியதுபோல, பட்டன்மேல் கவிழ்ந்து கிடந்தது. பட்டனின் ரப்பர் தேய்ந்திருந்தது. ஹெட்போனின் அதிர்வில் உள்ளே தகடு தொட்டிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஹெட்போன் சத்தம் போட்டது. கதவருகே நிற்கும் எனக்குக் கேட்டது, ஊசிபோல. நான் எழுந்து வரும்போது திரை 30 என்றது. 30 டெசிபல் என்றால் மெதுவான கிசுகிசுப்பு, காதில் மாட்டினால்தான் தெரியும். ஹெட்போனை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். காதுக்குள் கம்பி விட்டதுபோல இருந்தது. கீழே போட்டுவிட்டேன்.

மேசைக்கு வந்து திருத்தப் பட்டியலைத் திறந்தேன். ஹெட்போன் பழசாகிச் சத்தம் குறைந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று எழுதும் பட்டியல் அது. 250, 500, 1000: பூஜ்யம். 2000: பதினைந்து. 3000: நாற்பது. 4000: நாற்பது. நாற்பதுக்குமேல் அது அனுமதிக்காது.

ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மென்பொருள் பழைய பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைக்கும். பதினேழு பிரதிகள் இருந்தன. முதலாவது பத்தொன்பது மாதத்துக்கு முந்தையது. 3000க்கு ஐந்து. பிறகு பத்து. பதினைந்து. நான் கணினியை மாற்றிய வாரத்தில் அது ஏற்கெனவே இருபத்தைந்து. முதலில் ஹெட்போன்மேல் பழி போட்டிருப்பார். பிறகு நான் கிடைத்தேன்.

மெஷின் மாறவில்லை. அப்பாவின் காது மேல்சுரங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது. அவர் தன் காதைத் தராசாக வைத்து மெஷினைத் திருத்திக்கொண்டே போனார். நாற்பதைத் தொட்ட பிறகு திருத்த இடமில்லை. அன்று 3000இல் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை வீசிவிட்டு டீ குடிக்கப் போனார். லாரியின் எஞ்சின் கேட்டிருக்கும். அந்தத் தெருவில் எஞ்சின் எப்போதும் கேட்கும். பின்னாலிருந்து கத்தியவர்களின் குரல் அந்த இரைச்சலில் கரைந்திருக்கும். பீப் சத்தம் மேல்சுரம்.

மூலைக் கடிகாரம் 11.04 என்றது. நிறுத்தி வை என்பதில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. 11.05 ஆனது. 11.06 ஆனது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். கணக்கெல்லாம் சொல்லவில்லை.

"அவருக்குக் கேக்கலம்மா. ரொம்ப நாளாவே. அவருக்கே தெரியாது."

"பேசினா பதில் சொல்வாரே."

"முகத்தப் பாத்தா உதட்ட வச்சுப் புரிஞ்சுக்கலாம். பின்னால இருந்து கூப்பிட்டாத்தான் தெரியாது."

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன். திரும்பவே மாட்டார். ஒண்ணரை வருஷமா என்மேல ஏதோ கோவம்னு நெனச்சிட்டிருந்தேன். என்ன கோவம்னு கேக்கவும் இல்ல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மண்டு. ரெண்டு பேரும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. "அந்தத் திருத்தத்தோடதான் மத்தவங்களுக்கும் டெஸ்ட் பண்ணியிருக்கார். சத்தம் ஜாஸ்தியா போயிருக்கும். கேக்காதவங்களுக்கும் நல்லா கேக்குதுன்னு எழுதிக் குடுத்திருப்பார். நூத்தி நாப்பத்தி மூணு பேர். அவங்ககிட்ட சொல்லணும். சொன்னா அப்பா பேரு போயிடும்."

"சொல்லலேன்னா?"

"கண்ணாடிக்காரர் சொன்னதுதான் நிக்கும்."

அம்மா யோசிக்கவில்லை. "தப்பா டெஸ்ட் பண்ணார்னே இருக்கட்டும். நீ போன் பண்ணு."

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தேன். முதல் பெயர் ஒரு தையல்கார அம்மாவுடையது. அப்பாவின் குறிப்பு: 'இரண்டு காதும் சரி. பயப்பட வேண்டாம்.'

நான்காவது மணியில் எடுத்தார்.

"வணக்கம்மா. காது சாரோட பொண்ணு பேசுறேன்."

"யாரு?"

"காது சார் பொண்ணு."

"ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."