அசலில் கொடுத்த பெண்

சொந்தத்தில் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டில் பதினோராவது கட்டளை. போட்டது அம்மா. ஆனால் அவளே அத்தை மகனைக் கட்டியவள்தான். நெருங்கிய சொந்தம் என்பதால் ஆயரிடம் விலக்கு வாங்கி, திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் நடந்த கல்யாணம். அப்பாவைப் பெற்றவர்களும் அப்படித்தான்.

நாற்பது வயதில் அப்பாவின் நடை தள்ளாட ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. சொட்டுக்கூடத் தொடாத மனுஷனைத் தெருவே குடிகாரர் என்றது. ஒரு டாக்டர் போகிற போக்கில், "சொந்தத்துக்குள்ளயே கட்டுனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதுவே வேதவாக்காகிவிட்டது.

என்னைக் கேட்டு வந்த மாமன் மகனை ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அழுதுதான் பார்த்தேன், அம்மா அசையவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் சொந்தமில்லாத அசலில்தான் கல்யாணம் ஆனது. போகட்டும், நோய் தொலைந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வருடம், வாத்தியாராக இருக்கும் அண்ணன் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறான் என்று அண்ணி போனில் அழுதாள். மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பு டாக்டரம்மா அண்ணனின் ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"சொந்தத்துல கட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பெத்தவங்க ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. யாரைக் கட்டினாலும் அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமாக நாங்கள் எதைக் கண்டு ஓடினோம்?

ஜீனில் ஒரு சின்னத் துண்டு தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதாம். அதனால் சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதாம். ஆராய்ச்சிக்காரர்கள் அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். குணமாக்கும் மருந்துதான் இன்னும் இல்லை.

"அப்ப நானு?" என்றேன்.

"உங்களுக்கும் பாதிக்குப் பாதிதான்."

எனக்குப் பரிசோதனை வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மருந்தில்லாத நோய் எனக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

என் மகள் விடவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம்.

"மறைச்சு வச்சு நான் கழுத்த நீட்ட மாட்டேம்மா. நீ முதல்ல எடு. உனக்கு இல்லைன்னா எனக்கு எடுக்கவே வேண்டியதில்ல."

"எனக்கு இருந்தா?"

"அப்ப நானும் எடுத்துப் பாக்கணும்மா."

"என்னால ஏலாதுடி. நீ எடுத்தாலும் ஒண்ணுதான். உனக்கு இருந்தா அது என்கிட்ட இருந்துதான வந்திருக்கும்" என்று கத்தினேன்.

"தெரியும்மா. அதான் இம்புட்டு நாளா யோசிச்சேன்" என்றாள்.

கடைசியில் அவள் தனியாகப் போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு சொல்லும் நாளிலும் என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். மத்தியானம் திரும்பி வந்தபோது நான் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் முன்னாலிருந்த அரிவாள்மணையை மெல்ல நகர்த்தி ஓரமாக வைத்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றாள்.