கம்பளத்தில் போட்ட வேலி

இயக்கத்திடமிருந்து நகரத்தை மீட்டுவிட்டோம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும், எங்கள் தெருவைப் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் பல வருடங்கள் வைத்திருந்தது. போன வருடம்தான் விட்டார்கள். வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, எல்லை என்று ஒரு குச்சிகூட இல்லை. காணியைத் திரும்ப அளக்க அடுத்த காணிக்காரரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எண்பது வயதில் அங்கே வீடு கட்டிப் போய் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற அப்பாவின் தலையில் இடி விழுந்தது.

நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில். அடுத்த காணிக்காரர் இருந்ததும் அதே லண்டனில், ஆர்ச்வேயில். முப்பத்தைந்து வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. எங்கள் ஊரில் வருடாவருடம் வேலி அடைப்பார்கள். அடைக்கும்போதெல்லாம் வேலிக்கு நட்ட கதியால் ஒரு விரற்கடை நகரும். யார் பக்கம் நகர்ந்தது என்பதுதான் சண்டை. இங்கே லண்டன் முருகன் கோவிலில் அவரைக் கண்டால்கூட அப்பா பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவார்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரை பிளேஸ்டோவுக்குக் கூட்டி வந்தேன். வரவேற்பறைக் கம்பளத்தில் டேப் ஒட்டி இரண்டு காணியையும் வரைந்தோம். சோபா கிணறு, டிவி முருங்கைமரம். நடுவேலியை அவர் சொன்ன இடத்தில் ஒட்டினேன். ஒரு முழம் தள்ளி ஒட்டு என்றார் அப்பா. ஷெல்லும் புல்டோசரும் உழுத நிலத்துக்காக இரண்டு கிழவர்கள் காலுறையோடு இரண்டு மணித்தியாலம் அளந்தார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தேநீர்த் தட்டோடு எல்லை தாண்டியதற்காக அம்மாவுக்கும் ஏச்சு விழுந்தது.

கடைசியில் ஆர்ச்வேக்காரர் களைத்துப்போய் சோபாவில், அதாவது கிணற்றில், இருந்தார். தனக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இனி ஊருக்குப் போக ஏலாது என்றார். பிறகு குனிந்து, டேப்பைத் தானே உரித்து, அப்பா சொன்ன இடத்தில் ஒட்டினார்.

"வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நான்தான் தள்ளிப் போட்டது."

அப்பாடா என்று நான் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. முழங்காலிட்டு, அந்த டேப்பை உரித்து, முதலிருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டினார்.

"நீர் வராட்டி அங்கை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

படிவம் கையெழுத்தில்லாமல் முருங்கைமரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்பா வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அந்த ஒரு முழத்துக்காகச் சண்டை பிடித்துவிட்டு வருகிறார்.