கேதீஸ்வரன் வைத்த எண்

கேதீஸ்வரன் இடது பெருவிரல் நகத்தைப் பனிச்சறுக்குப் பலகையின் இரும்பு விளிம்பில் குறுக்காக வைத்து மெல்ல இழுக்கிறார். நகத்திலிருந்து மாவு போல ஒரு வெள்ளைத் துகள் உதிர்கிறது. "இது வெட்டும்" என்கிறார். அடுத்த பலகையிலும் இழுக்கிறார். துகள் வரவில்லை. "இது வழுக்கும். இதோட ஐஸில போனா நேரே ஆஸ்பத்திரி வாசல்தான்." அந்தப் பலகையை மேசையில் ஏற்றி, இடுக்கியில் இறுக்கி, அரத்தைக் கையில் எடுக்கிறார். ஜூலை மாதத்து வியாழக்கிழமைகளில் சிட்னியின் பென்டில் ஹில்லில் அவருடைய கராஜுக்குள் கார் நிற்பதில்லை. "கார் மழைக்குள்ள நனையுது. ஊராற்றை ஸ்கீயெல்லாம் கம்பளத்தில படுத்திருக்குது" என்று அவர் மனைவி கிரிஜா வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். முறையிட்டுவிட்டுத் தேநீரும் கொண்டுவந்து வைப்பார்.

கேதீஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிழமை நாட்களில் சிட்னியில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். குளிர்காலத்து வார இறுதிகளில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பெரிய பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பனிமலைக்குப் போகிறார். நாற்பது வயது வரை அவர் தொட்டுப் பார்த்த ஐஸ், யாழ்ப்பாணத்து ஐஸ்பழப் பெட்டிக்குள் இருந்ததுதான். முதல் வருடம் பயணிகளை இறக்கிவிட்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பஸ்ஸுக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது. "வெளியில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். நான் மட்டும் ஏன் உள்ளுக்க இருந்து விறைக்கிறது?" வாடகைக்கு இரண்டு பலகை எடுத்துக் காலில் மாட்டினார். அன்று பதினேழு தரம் விழுந்ததாக அவரே சொல்வார். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு போகிறது என்பது கிரிஜாவின் குற்றச்சாட்டு.

இன்று அவர் சறுக்குவதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். முதுகு நேராக இருக்கும். இரண்டு கைகளும் முன்னால் ஸ்டியரிங் பிடித்த பாவனையில் நிற்கும். யாரையாவது முந்துவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பார். இடப்பக்கம் வளைய வேண்டுமென்றால் இடது கையை ஒரு கணம் உயர்த்துவார். பலகைகளைப் பற்றி அவர் சொல்லும் தீர்ப்புகளும் வாகனத் தீர்ப்புகள்தான். "இது டபிள் டெக்கர். திருப்புறது கரைச்சல், திருப்பினாப் பிறகு அசையாது." "இது ஓட்டோ. சந்துக்குள்ள நல்லது, பெருந்தெருவில பயம்."

சனிக்கிழமை காலைகளில், ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கும் முன், மலையடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில் பஸ்ஸின் அருகே ஒரு சிறிய சபை கூடும். பலகைகளை வரிசையாகப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, எது சிறந்தது என்று வாதாடுவார்கள். அந்தச் சபைக்குள் 2011ஆம் ஆண்டு ஒரு புதுச் சரக்கு வந்து சேர்ந்தது. கிராவீனில் இருக்கும் கணித ஆசிரியர் வரதராஜன் கொண்டுவந்தது. அந்தக் கொம்பனிக்கு உலகத்தில் எங்கும் கடை கிடையாது. இணையத்தில் படத்தைப் பார்த்துச் சொன்னால், தொழிற்சாலையிலிருந்து ஒரு நீளப் பெட்டி நேரே வீட்டு வாசலுக்கு வரும். விலை பாதி. சபை அதற்குப் 'பெட்டி ஸ்கீ' என்று பெயர் வைத்தது.

கேதீஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. "சப்பாத்து வாங்கிறதெண்டாலும் போட்டு நாலடி நடந்து பாக்கிறம். இது உயிரைக் கட்டிக்கொண்டு ஓடுற சாமான். படத்தைப் பாத்தோ வாங்கினனீங்கள்?"

"ஒருக்கா ஓடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றார் வரதராஜன்.

இருவருக்கும் ஒரே அளவுப் பாதம். கேதீஸ்வரன் யோசித்தார். வலது காலில் பெட்டி ஸ்கீயை மாட்டினார். இடது காலில், ஏழு வருடமாக அவர் வைத்திருந்த, பெயர்பெற்ற கொம்பனியின் பலகை. ஐந்து தரம் அப்படியே இறங்கினார். பிறகு கால் மாற்றி ஐந்து தரம். கீழே சபை காத்திருந்தது. பத்தாவது தரம் இறங்கி வந்தவர் யாரோடும் பேசாமல் பஸ்ஸின் படியில் போய் உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி ஒரு மிடறு குடித்தார். "பெட்டிச் சாமான் ஐஸில பிடிக்குது. என்ர பிடிக்கேல்ல" என்றார். வரதராஜனைப் பார்த்து, "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், சேர்" என்றும் சொன்னார்.

பத்துத் தரம் ஓடாமல் அவர் ஒன்றையும் நல்லதென்று சொல்லமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அடுத்த வருடம் மே மாதமே முனவ்வர் பெட்டி ஸ்கீக்குச் சொல்லிவிட்டார்.

முனவ்வர் கீழக்கரைக்காரர். படிக்க வந்து, வேலை கிடைத்து, நுஹாவைக் கலியாணம் செய்து, அதே பென்டில் ஹில்லில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். முப்பத்தாறு வயது. 2011இல்தான் முதன்முதலாகப் பனியில் கால் வைத்தார். சபை பார்த்தவரை, அந்த வருடம் அவர் சறுக்கியது கால்களை ஆப்பு வடிவில் விரித்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று அலறியபடிதான்.

பெட்டி வந்தது. ஆனால் அதற்குள் வெறும் பலகைதான் இருந்தது. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டைத் தனியே வாங்கித் துளையிட்டுப் பொருத்த வேண்டும். தம்மிடம் வாங்காத பலகையைத் தொடமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். முனவ்வர் பெட்டியோடு கேதீஸ்வரனின் கராஜுக்கு வந்தார்.

துளையிடுவது பெரிய காரியமில்லை. அந்தப் பூட்டில் ஒரு எண் வைக்க வேண்டும், அதுதான் காரியம். எண் சிறிதாக இருந்தால் பூட்டு சுலபமாகக் கழன்றுவிடும். பெரிதாக இருந்தால், விழும்போதும் கழலாமல் முழங்காலை முறுக்கிவிடும். எடை, உயரம், வயது, ஒருவர் எப்படிச் சறுக்குகிறார் என்பது எல்லாம் பார்த்து ஒரு அட்டவணையிலிருந்து அதை எடுக்க வேண்டும். கேதீஸ்வரன் இந்தக் கேள்விகளைக் குறுக்கு விசாரணை போலக் கேட்பார்.

"எத்தனை கிலோ?"

"எண்பதுண்ணே."

"இண்டைக்கோ, கலியாணத்துக்கு முந்தியோ?"

முனவ்வர் சிரித்துவிட்டார். "எண்பத்தஞ்சு."

"மூண்டு வகை ஆக்கள் இருக்கினம். மெல்லப் போறவை, நடுவாப் போறவை, பாய்ஞ்சு போறவை. நீர் எது?"

"மூணுன்னே போடுங்கண்ணே."

கேதீஸ்வரன் தலையை நிமிர்த்தினார். போன வருடத்து அலறல் அவர் காதில் இன்னும் இருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் திருப்பி, முதல் வகைக்கான எண்ணை வைத்தார். முனவ்வர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை. "சூப்பர்ண்ணே" என்று பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கேதீஸ்வரனுக்குத் தெரியாதது ஒன்றிருந்தது. 2011 செப்டெம்பரில் முனவ்வரை அலுவலகம் ஒரு மாதத்துக்கு மெல்பனுக்கு அனுப்பியிருந்தது. அங்கே டார்னீட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்து, ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்தப் பக்கத்து மலைக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருந்தார். சபையை அசத்த வேண்டுமென்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஜூலை மூன்றாவது சனிக்கிழமை. இரவுக் குளிரில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. கேதீஸ்வரன் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு கால்களையும் சேர்த்து, இடமும் வலமும் அழகாக வளைந்து வேகமாக இறங்கி வந்தார். யார் இது என்று பார்த்தவருக்கு முனவ்வரின் முகம் தெரிந்தது. தாம் வைத்த எண் இந்த வேகத்தைத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கைகளையும் உயர்த்தி, "மெல்ல! தம்பி, மெல்ல!" என்று கத்தினார். அதைப் பாராட்டென்று நினைத்து முனவ்வர் சிரித்தார். அடுத்த வளைவில் வலது பலகை கழன்று தனியே ஓடியது. அவர் முப்பது அடி உருண்டு, வேலிக்கம்பில் மோதி நின்றார்.

வலது தோளருகே காறை எலும்பு முறிந்திருந்தது. முதலுதவி அறையில் முனவ்வர் முதலில் சொன்னது, "ஸ்கீ தானா கழண்டுருச்சுண்ணே" என்பதுதான். கேதீஸ்வரன் வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். திரும்பி வரும் ஆறு மணித்தியாலமும் முனவ்வர், கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டபடி அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தார். கேதீஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார், பின்கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்த்தார்.

அடுத்த கிழமை வரதராஜன் தொலைபேசி எடுத்தார். அந்தக் கொம்பனியின் இணையப் பக்கத்தில் முனவ்வர் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினார். பலகை நடுச் சரிவில் கழன்றுவிட்டது, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: பூட்டைப் பொருத்தியவர் சிட்னியிலேயே மிகத் தேர்ந்த கைக்காரர், ஆகவே தவறு பலகையில்தான். சபையில் இரண்டு பேர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். தாமும் இனி அதில் ஏறப் பயப்படுவதாக வரதராஜன் சொன்னார்.

அன்று கேதீஸ்வரனால் சாப்பிட முடியவில்லை. கிரிஜா காரணம் கேட்டு, முழுவதையும் கேட்டு முடித்தார்.

"ஸ்கீயைப் பற்றிப் பிழையாச் சொன்னா ஒரு நிமிசத்தில ஒத்துக்கொள்ளுவியள். இது உங்கட கையைப் பற்றின கதை. அதுதான் தொண்டைக்குள்ள நிக்குது" என்றார். "சோறு எங்கயும் ஓடாது. முனவ்வரிட்டப் போயிட்டு வாங்கோ."

அன்று பின்னேரமே முனவ்வர் வீட்டுக்குப் போனார். நுஹா கதவைத் திறந்து, உள்ளே கதிரை காட்டினார். கேதீஸ்வரன் உட்காரவில்லை.

"தம்பி, ஸ்கீயில பிழையில்லை. நான்தான் உம்மட எண்ணைக் குறைச்சு வைச்சனான்."

முனவ்வருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. "நான் மூணுன்னு சொன்னேனேண்ணே."

"சொன்னனீர். நான் நம்பேல்ல. கேக்கவுமில்லை. பெரிய எண் வைச்சா முழங்கால் போயிடுமெண்டு, நானா முடிவெடுத்து ஒண்டாம் வகைக்கு வைச்சனான்."

"அப்ப நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு நெனைச்சீங்க."

கேதீஸ்வரன் தரையைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

முனவ்வர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "எலும்பு ஒடைஞ்சதுகூடப் பரவாயில்லண்ணே" என்றார் திரும்பாமலே. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் மூணு இல்ல, ரெண்டுதான். கொஞ்சம் ஏத்திச் சொன்னேன். நீங்க கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்கோணும்" என்றார் கேதீஸ்வரன். பிறகு கணினியைக் காட்டினார். "அதை மாத்தி எழுதும். அந்தக் கொம்பனிக்காரர் ஒரு பாவமும் செய்யேல்ல."

முனவ்வர் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கேதீஸ்வரன் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். பலகை நல்லது. எண் பிழை. பிழை விட்டவர் கேதீஸ்வரன், பென்டில் ஹில். ஊர்ப் பெயர் எதற்கு என்று முனவ்வர் கேட்டார். "கேதீஸ்வரன் எண்டு இன்னும் ஆரும் இருந்தா, அவையின்ர பேர் கெடக்கூடாது." நுஹா கொண்டுவந்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு அவர் புறப்பட்டார். முனவ்வர் வாசல் வரை வரவில்லை.

அதைப் படித்த பிறகு இரண்டு பேர் கராஜுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள். இப்போது அவர் யாருக்கும் கராஜில் வைத்து எண் முடிவு செய்வதில்லை. மலையில் ஆள் இறங்குவதைக் கீழே நின்று பார்க்கிறார். பிறகு அட்டவணையை அந்த ஆளின் கையிலேயே கொடுத்து, "நீங்களே பாருங்கோ. இதுதான் உங்கட வரிசை. சரியோ?" என்று கேட்கிறார். ஆமோதித்தால்தான் திருகாணியைத் தொடுகிறார். சிலருக்குத் தங்கள் வரிசையைக் கேட்டு முகம் சுருங்கும். அப்போது அவர் காத்திருப்பார்.

இந்த வருடம், 2013 ஜூலையில், முதல் பஸ்ஸில் முனவ்வரும் ஏறினார். "வாறீரோ?" என்றார் கேதீஸ்வரன். "வர்றேண்ணே" என்றார் முனவ்வர். அவ்வளவுதான் பேச்சு. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மறுநாள் காலை சபையில் வரதராஜனோடு மட்டும் பேசினார். பெட்டி ஸ்கீயைப் பனியில் வைத்து, கேதீஸ்வரன் அட்டவணையில் காட்டி வைத்த புது எண்ணைப் பார்த்துத் தலையசைத்து, பூட்டுக்குள் வலது காலை அழுத்தினார். பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பூட்ஸின் அடியில் பனி கட்டியாக ஒட்டியிருந்தது. அதோடு பூட்டினால் எண் எதுவானாலும் ஏமாற்றிவிடும்.

கேதீஸ்வரன் அதைக் கவனித்தார். ஈரப் பனியில் ஒரு முழங்காலை ஊன்றிக் குந்தினார். முனவ்வரின் பாதத்தை இரண்டு கைகளாலும் தூக்கித் தம் தொடையில் வைத்தார். "அண்ணே, வேணாம்ணே, காலுண்ணே, விடுங்க" என்று பதறிய முனவ்வர், நிலைதடுமாறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கேதீஸ்வரன் நிமிரவில்லை. தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, பூட்ஸின் அடியைக் குதியிலிருந்து நுனிவரை, பிறகு நுனியிலிருந்து குதிவரை, கறுப்பு றப்பர் மினுங்கும் வரைக்கும் துடைத்தார்.