குங்குமம் வைத்த சக்கரம்

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் இல்லை. முந்தைய நாள் பிடித்து வைத்ததில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பாலைக் காய்ச்சினேன். துணிக் கவ்விகளைக் கொடியில் ஒரே இடைவெளியில் மாட்டி வைத்தேன். (எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது, நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.) பிறகு பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். உருளைக்கிழங்கு அடியில், கேரட் அதன்மேல், பூம்பாறைப் பூண்டு ஓரத்தில், கொத்தமல்லி மேலே. ஏரிச் சாலை வழியாகத் திரும்பினேன்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் எப்போதாவது கூட்டமாக மலையேறி வருவார்கள். அன்றும் வந்திருந்தார்கள். ஏரிக்கரை நெடுக வரிசையாக நிறுத்தி, துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் ஒருவர் தரையில் உட்கார்ந்து, ஒரு சின்னச் சக்கரத்தை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவி டயரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வாசனை, சோப்பும் புது ரப்பரும் சேர்ந்தது, மூக்கில் ஏறியதும் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாலையின் மறுபக்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். பையை நெஞ்சோடு அணைத்திருந்ததில் கொத்தமல்லி நசுங்கிவிட்டது.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது பெருமாள்மலையில், பழனிக்குப் பிரியும் சாலை ஓரமாக, எங்களுக்கு ஒரு பஞ்சர் கடை இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்பேனர்களை அளவு வாரியாக ஆணியில் மாட்டி வைத்தேன். கம்ப்ரஸர் சுவிட்ச் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் "போடு" என்றால் போட வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நான் மூச்சு விட்டதே இல்லை.

காரணம் கடையின் கூரையில் இருந்தது. லாரிச் சக்கரத்தில் டயர் கழன்று வராமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு வளையம் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் கிளம்பிவிடும். நான் வருவதற்கு முன்பு ஒருநாள் அப்படி ஒன்று கிளம்பி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாததால் தப்பித்தார்கள். ஓட்டையை ஒரு தகரத்தால் மூடியிருந்தார்கள். ஆணி அடித்த இடம் வழியாகச் சின்னதாக வெளிச்சம் வரும். நான் சுவிட்சைப் போட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஏ புள்ள, ஒனக்கு பூரி உப்புனாலும் பயமா இருக்குமே! எப்பிடித்தான் சட்டியில போட்டு எடுக்கியோ" என்பார். வருகிற ஜீப்காரர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நானும் சிரிப்பேன். ஆனாலும் அவர் காற்று ஏற்றும்போது சக்கரத்துக்கு நேராகக் குனியும் அந்த முதுகைப் பார்த்தால் என் கை சுவிட்சை விட்டு நகராது.

அந்தக் கார் ஒரு காலைப்பொழுதில் பழனிப் பக்கமிருந்து ஏறி வந்தது. கார் என்று சொல்வதா, முட்டை என்று சொல்வதா? முகப்பு முழுவதும் ஒரே கதவு, உள்ளே இரண்டு பேர் ஒட்டி உட்கார இடம். சக்கரங்கள் நம் வீட்டுச் சுளகு அளவுதான் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள், வயதான கணவனும் மனைவியும். முந்தைய நாள் பழனி அடிவாரத்தில் காருக்குப் பூசை போட்டுவிட்டு, காலையில் கிளம்பியிருக்கிறார்கள். கொண்டையூசி வளைவுகளில் முன் டயர் ஒன்று வெடிப்பு விட்டு, உள்ளே நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. காற்று மட்டும் போகவில்லை. புது டயரும் டியூபும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏரிக்கிட்ட நம்ம கார்க்காரங்க எல்லாம் சேர்றாங்கொ. மத்தியானத்துக்குள்ள போயிறோணும். மாட்டிக் குடுத்துருவீங்களா தம்பி?" என்றார் பெரியவர்.

என் வீட்டுக்காரர் காரைச் சுற்றி வந்தார். லாரி, ஜீப், பஸ் என்று பெரிய சக்கரங்களில் பழகிய கை அவருடையது. கொடைக்கானல் மலையில் ஆட்டோவே ஓடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தச் சைஸ் சக்கரம் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுப் பார்த்தால், சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம்.

"இதென்னங்கய்யா, ரெண்டு வரிசை கெடக்கு? எதக் கழட்டணும்?"

"அது சுலபந்தானுங்க. செவப்பு வெச்ச நட்டுகளை மட்டும் தொட்டறாதீங்க. தொட்டா ஆபத்துன்னு எங்க மெக்கானிக் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காரு."

உள்வட்டத்து நட்டுகள் ஒவ்வொன்றிலும் பளிச்சென்று சிவப்பு இருந்தது. வெளிவட்டம் முழுக்கச் சேறும் துருவும். என் வீட்டுக்காரர் வெளிவட்டத்து நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினார்.

எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. பாலசமுத்திரத்தில் இருக்கும் என் தம்பி தங்கவேல் பழனியில் ஆட்டோ ஓட்டுகிறவன். சின்னச் சக்கரம் என்றால் அவனுக்குத் தெரியுமே என்று தோன்றியது. "தங்கவேலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா?" என்றேன்.

"ஐயாதான் சொல்லிட்டாகளே. அவகளுக்குச் சோலி கெடக்கு, வெரசா முடிச்சு அனுப்பணும். நீ போயி நட்டு வைக்கக் கிண்ணம் எடுத்தா."

கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனேன். அங்கேதான் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. தம்பியின் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போட்டு அவனைக் கூப்பிடச் சொன்னேன்.

"தங்கவேலு, ஒன் ஆட்டோச் சக்கரத்துல நட்டு ரெண்டு வட்டமா இருக்குமா?"

"என்னக்கா, வெள்ளனே ஆட்டோ வாங்கக் கெளம்பிட்டியா? மாமாவ ஓட்டச் சொல்லாத, பள்ளத்துல எறக்கிருவாரு."

"வெளையாடாதடா. ஒரு குட்டிக் கார் வந்துருக்கு. மாமா சக்கரத்தக் கழட்டுறாக."

சிரிப்பு நின்றது. "எந்த வட்டத்தக் கழட்டுறாரு?"

"வெளி வட்டம்."

"காத்த எறக்கிட்டாரா?"

"இல்ல."

"ஏக்கா, ஓடு! வெளி நட்டு ரிம்மப் புடிச்சிருக்கது. அந்த ரிம்மு ரெண்டு தட்டு. காத்தோட கழட்டுனா பிரிஞ்சு மூஞ்சில அடிச்சிரும். மொதல்ல காத்த..."

போன் அறுந்தது. இன்னொரு ரூபாய் தேட நான் நிற்கவில்லை.

ஓடினேன். சாலையைத் தாண்டப் போன நேரத்தில் பழனி பஸ் வந்து, எனக்கும் கடைக்கும் நடுவே நின்றுவிட்டது. ஆள் இறங்குகிறார்கள். மூட்டை இறங்குகிறது. ஒருவர் கோழிக் கூடையை உள்ளேயே மறந்துவிட்டேன் என்று மறுபடி ஏறுகிறார். முன்னால் சுற்றிப் போகலாம் என்றால் வளைவில் லாரி வருகிறது. பஸ்ஸின் பச்சைத் தகரத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கத்தினால் கேட்டிருக்கும். ஆனால் கத்தினால் அவர் திடுக்கிட்டு ஸ்பேனரை ஒரு இழு இழுத்துவிட்டால்? வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பயத்தின் முகம் என்று எதையாவது வரையச் சொன்னால், இன்றைக்கும் நான் அந்த பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத்தான் வரைவேன்.

விசில் அடித்து பஸ் நகர்ந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் நட்டுகள் கிடந்தன. ஸ்பேனர் அடுத்த நட்டில் இருந்தது. முகம் சக்கரத்துக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில்.

நான் பக்கத்தில் போய், குழந்தை தூங்கும் அறையில் பேசுகிற மாதிரி, "ஏங்க, அப்பிடியே நிறுத்துங்க. உள்ள காத்து இருக்கு. ரிம்மு ரெண்டு தட்டாம்" என்றேன்.

அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை அப்படியே நின்றது. அப்போதுதான் இருவரும் பார்த்தோம். இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு பக்கமாக இடைவெளி விட்டு, கறுப்பாக டியூப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முனகல் போல ஒரு சத்தம். ஸ்பேனரை எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் முகத்தை மட்டும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் திருப்பினார்.

"வால்வு பின்னைக் கழட்டு புள்ள. பைய. சைடுல இருந்து. நேரா வராத."

"கழட்டுற சாமான் எங்க?"

"என் சட்டப் பையில."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். விரல்களில் அவர் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. பூரி உப்பினால் பயப்படுகிறவளைக் கிண்டல் செய்த அதே நெஞ்சு, என்னுடையதைவிட வேகமாக அடித்தது. மண்டி போட்டேன். டயரின் வெடிப்பில் பூசைக்கு நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகி எடுத்து, பின்னைத் திருகினேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பின் கழன்று பறந்தது. காற்று சீறிக்கொண்டு என் முழங்கையில் அடித்தது. பழைய ரப்பர் நாற்றம். அந்தச் சீறல் குறைந்து, இழுத்து, அடங்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

"ஆச்சுங்களா?" என்றார் அந்த அம்மா. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் நான் உள்வட்டத்து நட்டை உற்றுப் பார்த்தேன். சிவப்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது. பெயின்டுக்கு அடியில் யார் சந்தனம் வைப்பார்கள்?

"அம்மா, இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

"நானேதானுங்க. பழனியில பூசை போட்டப்போ சந்தனமும் குங்குமமும் எல்லாச் சக்கரத்துக்கும் வெச்சனுங்க. நடுவுல இருக்கற நட்டு பூ மாதிரி இருந்துச்சு."

பெரியவர் குனிந்து, வெளிவட்டத்தில் மிச்சமிருந்த ஒரு நட்டைக் கைக்குட்டையால் தேய்த்தார். சேறு போனதும் மங்கிப்போன பெயின்ட் தெரிந்தது. அதுவும் சிவப்புத்தான். அவர் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மத்தியானம் அடுத்த பழனி பஸ்ஸில் தங்கவேல் வந்து குதித்தான். போன் அறுந்ததும் ஆட்டோவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். வழியெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு வந்தானோ, அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. கடைக்குள் நுழைந்து அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இருக்கீரா மாமா?"

"இருக்கேன்டா மாப்ள. டீ சாப்புடு."

"டீயாம்ல டீ! ஒம்ம மூக்கு இருக்கான்னு பாக்க நான் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வந்துருக்கேன்."

டயரை அவன்தான் மாட்டினான். டியூபுக்குப் பவுடர் பூசி, சின்ன உருண்டை வருமளவு மட்டும் காற்று வைத்து, டயருக்குள் திணித்தான். தட்டுகளுக்கு நடுவே டியூப் கடிபடாமல் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தான். இரண்டு தட்டையும் சேர்த்து, எதிரெதிர் நட்டாக முடுக்கினான். பிறகு எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, "அக்கா, போடு" என்றான். சுவிட்சைப் போட்டேன். டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்கார்ந்தபோது "டப்" என்று கேட்டது. நான் கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கார் போனது. ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மறுபடி நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் கடை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது தார்தான் இருக்கிறது. டீக்கடை சாக்லேட் கடையாகிவிட்டது. ரூபாய் போட்டுப் பேசும் போனைப் பற்றிச் சொன்னால் என் மகள் கதை என்கிறாள். வளையம் வைத்த லாரிச் சக்கரமும் குறைந்துவிட்டது. டியூபே இல்லாத டயர், தானாக மாட்டிக் கழற்றும் மெஷின். என் வீட்டுக்காரர் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். டயரில் கை வைப்பதில்லை. பூரி சுடுகிற நாட்களில் அவர் பேசாமல் வாங்கிச் சாப்பிடுவார். ஒரு தடவையாவது பழைய மாதிரி ஏதாவது சொல்ல மாட்டாரா என்று நான் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து கடைக்குப் போயிருந்தார். நான் பின்னால் போனேன். தினமும் கடை திறந்ததும் முதலில் சூடம் கொளுத்துவார். அன்று கொளுத்தவில்லை. பூம்பாறை ஜீப் ஒன்றின் சக்கரம், முந்தைய நாள் மாலை விட்டுப் போனது, வாசலில் கிடந்தது. அதில் பிரிகிற தட்டும் இல்லை, கழற்ற நட்டும் இல்லை. அவர் அதன் பக்கவாட்டில் உட்கார்ந்து, வால்வு பின்னைக் கழற்றினார். காற்று முழுவதும் போனது. சத்தம் நின்ற பிறகும் அவர் டயரை நெம்பும் லீவரை எடுக்கவில்லை. வால்வின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.