பெர்சியின் பின்சீட்டு

பெர்சி ஓப்பன்ஷா குழாய் வேலை செய்பவர். எங்கள் டெர்பிஷயர் மேட்டுப் பக்கம் ஒழுகாத குழாய் ஒன்றைப் பார்த்தால், அதில் பெர்சியின் கை பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தங்கமான மனிதர். ஆனால் யார் முகத்தையும் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு வராது. முகத்தைப் பார்த்துவிட்டால் மழையைப் பற்றித்தான் பேசுவார்.

முரியலைப் பெண் கேட்டதுகூட, முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்ந்து மிதிக்கும் ரெட்டை சைக்கிளின் முன்சீட்டில் இருந்துதான். பின்சீட்டில் இருந்த முரியல் "சரி" என்று சொன்னதை எதிர்காற்று கொண்டுபோய்விட்டது. "என்னது?" என்று இவர் கேட்டுக்கொண்டே போக, அந்த அம்மாள் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

அன்று முதல் அவர்கள் எங்கள் ரெட்டை சைக்கிள் சங்கத்தில் இருக்கிறார்கள். நானும் என் அக்கா ஹெஸ்டரும் இருக்கிறோம். அக்கா முன்னால், நான் பின்னால். இந்த வண்டியில் முன்னால் இருப்பவருக்குச் சாலை தெரியும், பின்னால் இருப்பவருக்கு முதுகு தெரியும். குழி வந்தால் முன்னால் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். மறந்தால் பின்னால் இருப்பவரின் எலும்பு குரல் கொடுக்கும். இறக்கம் வந்தால் நான் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்துவிடுவேன். ஹெஸ்டர் அக்கா பிரேக் பிடிப்பதை அவமானமாக நினைப்பவள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். பாதி வழியில் ஒரு சின்ன தேவாலயத்தின் கூடத்தில் எங்களுக்குத் தேநீரும் பழக் கேக்கும் வைத்திருந்தார்கள். கணப்பைச் சுற்றி எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். முரியல் மட்டும் புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

காரணம் இருந்தது. முந்தின வாரம் மேடு ஏறும்போது பெர்சி, சங்கமே கேட்க, "பின்னாடி உருளைக்கிழங்கு மூட்டை ஏத்துன மாதிரில்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டார்.

"இன்னைக்குத்தான் கடைசி," என்றாள் முரியல். "வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு வார்த்தை மன்னிப்பு வரல, அடுத்த ஞாயிறு நெஜமாவே ஒரு மூட்டைய ஏத்திக்க. நீ என்ன சொன்னாலும் அது கேட்டுக்கும்."

பெர்சி அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"பனி எறங்குது," என்றார்.

முரியல் கோப்பையை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்தால் உண்மையாகவே பனி இறங்கியிருந்தது, யார் முகமும் தெரியவில்லை. சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே மஞ்சள் மழை அங்கி, ஒரே கம்பளித் தொப்பி. மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கியவை. பச்சை வண்டி ஒன்றில் மஞ்சள் முதுகு ஒன்று காத்திருந்தது. எங்கள் வண்டியும் பச்சைதான். ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது, உடனே இறக்கம். கண்ணை மூடி, இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தொடங்கினேன்.

சங்கீதத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கைத் தாண்டியபோது தரை சமமாகிவிட்டது. அப்போதுதான் முன்னால் இருந்து குரல் வந்தது.

"முரியல் கண்ணு."

ஹெஸ்டர் அக்கா என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் சொன்னது தப்புடி. நீ மூட்டை இல்ல. உண்மையச் சொல்லட்டுமா? மேட்டுல நான்தான் மூட்டை. காலைச் சும்மா சுத்தவிட்டு, மூச்சு வாங்குற மாதிரி நடிப்பேன். மிதிக்கிறதெல்லாம் நீதான்."

அடுத்தவர் வீட்டுக் கதவு தானாகத் திறந்ததுபோல் இருந்தது எனக்கு. தெரியப்படுத்தலாம் என்று இருமினேன்.

"ஐயோ, சளி புடிச்சிருச்சா?" தோளுக்கு மேலாக ஒரு மிட்டாய் வந்தது. மறுக்க மனம் வரவில்லை, வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்து ஒரு கை பின்னால் வந்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தது. "எலும்பாப் போயிட்டியே கண்ணு. எல்லாம் என்னாலதான்."

"பெர்சி," என்றேன் மிட்டாயோடு. "நான் ஆம்ப்ரோஸ்."

"பாரு, தொண்டை கட்டி ஆம்பளக் குரலே வந்துருச்சு!"

கடவுள் கருணையால் ரயில் கேட் மூடியிருந்தது. பெர்சி காலை ஊன்றித் திரும்பினார். அவர் முகம் சிவந்ததற்குக் குளிர் காரணம் இல்லை.

"எவ்வளவு கேட்ட?"

"மிட்டாய்க்கு முன்னாடி இருந்து."

"அப்ப நீயே அவகிட்டச் சொல்லிரேன், ஆம்ப்ரோஸ். நல்லா இருப்ப."

"அது பாவ அறிக்கை, பெர்சி. அவங்கவங்க வாயாலதான் சொல்லணும்."

அதற்குள் ஹெஸ்டர் அக்காவின் வண்டி வந்து நின்றது. அக்கா இன்னமும் பேசிக்கொண்டிருந்தாள். "...அதான் ஆம்ப்ரோஸ், கம்பளிக் காலுறைய வெந்நீர்ல போடாதன்னு எத்தனை வாட்டி..." என்று திரும்பியவள், "அட, நீயா?" என்றாள்.

"நான்தான்," என்றாள் பின்சீட்டில் இருந்த முரியல். "கூடத்துல இருந்து வந்து பாத்தா இந்த வண்டிதான் மிச்சம். ஏறிக்கிட்டேன். ஹெஸ்டர் ஒவ்வொரு குழிக்கும் சொல்லுறா. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என் இடுப்பு எனக்குச் சொந்தமா இருக்கு."

ரயில் போனது. பெர்சி மனைவியின் எதிரே போய் நின்றார். எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

"பனி..." என்று ஆரம்பித்தார்.

முரியல் கையை உயர்த்தினாள். "போதும். ஸ்பானரை எடு, சீட்டு உயரத்த மாத்து. நான் முன்னாடி. நீ போய்ப் பின்னாடி ஏறு."

அப்படியே நடந்தது. வண்டி முதலில் வேலிப் புதரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, பிறகு நேராகப் போனது. எங்கள் வண்டி ஒட்டியே போனது. அக்காதான் ஒட்டவைத்தாள்.

"குழி!" என்று முரியல் கத்தினாள், குழியைத் தாண்டிய பிறகு. "அம்மா!" என்றார் பெர்சி.

பெர்சிக்கு இப்போது எதிரே முகம் இல்லை, ஒரு மஞ்சள் முதுகுதான். பிறகு அவர் குரல் மெல்ல வந்தது. "முரியல், நான் சொன்னது தப்பு."

"காத்துல கேக்கல!"

"தப்புன்னேன்!"

"என்னது?"

"தப்பு! மேட்டுல நான் மிதிக்கிறதே இல்ல! நான்தான் மூட்டை!"

முன்னால் போன வண்டிகளெல்லாம் மணி அடித்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் தலை தூக்கின. அன்று காற்று எங்களுக்குப் பின்னால் இருந்து வீசிக்கொண்டிருந்தது, பெர்சி முணுமுணுத்திருந்தாலே அவள் காதில் விழுந்திருக்கும். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஜெபம் பண்ணுடா," என்றாள் அக்கா.

மேடு வந்தது. முரியல் காலைச் சும்மா சுத்தவிட்டாள்.

"மிதிக்கிறியா, மனுசா?"

"மிதிக்கிறேன்... மிதிக்கிறேன்மா..." இந்த முறை மூச்சு வாங்கியது நடிப்பில்லை.

உச்சியில் முரியல் சொன்னாள்: "அடுத்த ஞாயிறுக்கு எனக்குத் தடிமனான கையுறை வேணும். முன்னாடி உக்காந்தா கை வெறைக்குது."